முந்நூற்று நாற்பதும் ஒன்றும்

அத்தியாயம் 11

வாக்கு எண்ணும் நாள் விடிந்ததிலிருந்து யான்சானோவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அண்ணன் ஜெயித்தால் ஊர் அவளைச் சும்மா விடாது. தோற்றால் அவள் மனசு அவளைச் சும்மா விடாது. இரண்டில் எதற்குத் தயாராவது என்று புரியாமல் ஒரே பானையை மூன்று தடவை கழுவிவிட்டாள்.

இந்தச் சங்கடம் ஜனவரியில் தொடங்கியது. ரோன்யான் ஊர் மன்றம் கூடி, ஊரிலுள்ள முந்நூற்று நாற்பத்தொரு ஓட்டும் குடைச் சின்னத்துக்கே என்று முடிவு கட்டியது. ஊர் சேர்ந்து ஒரே ஆளுக்குப் போடுவது ரோன்யானில் புதிதில்லை. மன்றம் முடிவெடுத்த மூன்றாம் நாள் நடந்ததுதான் புதிது. யான்சானோவின் கூடப்பிறந்த அண்ணன் மாலுமோ, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, தையல் மெஷின் சின்னத்தில் மனுப் போட்டுவிட்டார்.

மன்றத்தின் முடிவை நோட்டில் எழுதியது மன்றச் செயலாளர் ஷான்பெமோ. யான்சானோவின் புருஷன். மாற்றிப் போட்டவர் யாராக இருந்தாலும் ஏழு வருஷம் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்ற கடைசி வரியையும் அவன்தான் எழுதினான், அவள் போட்டுக் கொடுத்த கறுப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டே. அது அவன் வேலை, குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு அந்தக் கோப்பையை அவள் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.

ஓட்டுப் போடும் நாளன்று அவள் குடைக்கே போட்டாள். பொத்தானில் விரலை வைத்தபோது பக்கத்து வரிசையில் அண்ணனின் புகைப்படம் தபால் தலை அளவில் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். மெஷின் கூவி முடித்ததும் வெளியே வந்தாள். வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவள் விரலில் இருந்த மையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள்.

அது மூன்று நாளைக்கு முந்தைய கதை. இன்றைக்கு எண்ணுகிறார்கள்.

ரோன்யானில் சர்ச் மேட்டில்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். ஆகவே ஊரே மேட்டில் கூடியிருந்தது. மாவட்டத் தலைநகரில் எண்ணும் இடத்தில் ஊர் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தான். அவன் கூப்பிட்டால் கைப்பேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடிப்பது என்று ஏற்பாடு. அதுவரை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாகாலாந்தின் அறுபது தொகுதிகளில் மோன் பக்கம் இவர் முன்னிலை, துவென்சாங் பக்கம் அவர் பின்னடைவு என்று ஒவ்வொரு மாவட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

பெண்கள் ஒரு பக்கம் விருந்துக்குப் பன்றிக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் குருத்துப் புளிப்பு மேடு முழுக்க மணத்தது. குடைக்காரர் ஜெயித்தால் நேரே ரோன்யானுக்கு வந்து நாலு மணிக்குச் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். வேட்பாளருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, ஆனால் ஊரில் எல்லோரும் குடைக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். போன மாதம் இதே மேட்டில் நின்றுதான் அவர் வாக்குக் கொடுத்தார். ரோன்யானிலிருந்து ஒரு ஓட்டுகூட வெளியே போகாவிட்டால், ஆற்றுக்குப் பாலம்தான் அவருடைய முதல் கையெழுத்து.

பாலம் என்றால் ரோன்யானில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. மன்றத் தலைவர் ஓரென்தங்கின் மனைவி, பிரசவ வலியோடு ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தவள். முப்பது வருஷமாகியும் மழைக்காலத்தில் அவர் ஆற்றுப் பக்கம் பார்க்க மாட்டார்.

பத்தே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது.

"நம்ம ஊரு மெஷினைத் திறந்துட்டாங்க" என்றான் ஏஜென்ட். ஒலிபெருக்கி கரகரத்தது. "குடை, முந்நூத்தி நாப்பது."

கைதட்டல் எழுந்தது. ஷான்பெமோ மட்டும் தட்டவில்லை. எழுதியவனுக்கல்லவா எண் தெரியும்.

"தையல் மெஷின், ஒண்ணு" என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணே ஒண்ணுதான்" என்று சமாதானம் போலச் சேர்த்துக்கொண்டது.

கைதட்டல் ஒவ்வொரு கையாக அடங்கியது. யான்சானோ கறித்துண்டைப் பலகையில் பிடித்தபடியே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. அத்தனை கண்ணும் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று முதுகுக்கே தெரிந்தது.

அக்கரையிலிருந்து ரோன்யானுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் நான்கு பேர். மற்ற மூவரும் சொல்லிவைத்தது போல அவள் பக்கத்திலிருந்து அரையடி நகர்ந்தார்கள். கோழிப்பண்ணைக்கார நியிமானோ கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பாசம்னா சும்மாவா? நாமதான் பாலம் பாலம்னு பறந்துக்கிட்டு இருக்கோம். அவங்களுக்கு எதுக்குப் பாலம்? அக்கரையே இங்க வந்து குடியிருக்கே" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

யான்சானோ நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். யாரும் கேட்காதபோது எப்படிச் சொல்வது? கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கறியை மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

ஷான்பெமோ அவளை சர்ச்சுக்குப் பின்னால் அழைத்துப் போனான். அவன் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன். இன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினான்.

"யான், ஒரு தடவைதான் கேப்பேன். நீ போட்டியா?"

"இல்லை."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். இருபத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை. சந்தையில் தராசு முள்ளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நான் அழுதுக்கிட்டே குடைக்குத்தான் போட்டேன். உங்களுக்காகப் போட்டேன்" என்றாள்.

"சரி" என்றான். அவ்வளவுதான். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்டதற்காக அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை மிஞ்சிக்கொண்டு பயம் வந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது ஓரென்தங் பேசிக்கொண்டிருந்தார். ஷான்பெமோவுக்குப் பெரியப்பா முறை. கத்திப் பேசுகிற மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது. நாலு மணிக்கு விருந்தாளி வருகிறார், அவர் முகத்தைப் பார்த்து ஒன்று பாலம் கேட்க வேண்டும், இல்லை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். யார் என்று தெரிந்தால் அந்த ஒருவரோடு போகும், தெரியாவிட்டால் ஊர் முழுக்கப் பொய்யர்கள் என்று ஆகிவிடும் என்றார். ஆகவே மண் சத்தியம். ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் மேட்டிலேயே இருக்கும் மன்ற மைதானத்துக்கு வந்து, தன் வீட்டில் யாரும் மாற்றிப் போடவில்லை என்று சொல்லி, ஊர் மண்ணை நாக்கில் வைக்க வேண்டும்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மேட்டிலிருந்த பெண்கள் கைக்குழந்தைகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டார்கள்.

பாஸ்டர் எழுந்து வந்து தடுத்தார். இது முன்னோர்கள் காலத்து வழக்கம், நமக்கெல்லாம் பைபிள் இருக்கிறது, சத்தியம் செய்வதென்றால் அதன் மேல் கை வைத்துச் செய்யட்டும் என்றார்.

"பைபிள் மன்னிச்சிடும் பாஸ்டர். மண்ணு மன்னிக்காது" என்றார் ஓரென்தங். பாஸ்டர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

மன்னிக்காது என்பது ரோன்யானில் எல்லோருக்கும் தெரியும். கீழ்த் தெருக் கோடியில் ஒரு மனை காலியாகவே கிடக்கிறது. யான்சானோ கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே வீடு இருந்தது, வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வயல் எல்லைத் தகராறில் அந்த வீட்டுக்காரர் பொய்யாக மண் தின்றார். அடுத்த அறுவடைக்குள் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒருவன் காய்ச்சலில், ஒருவன் மரம் விழுந்து. தற்செயல் என்று பாஸ்டர் சொல்வார். அந்த மனைப் பக்கம் பாஸ்டரும் நடக்க மாட்டார்.

மேல் தெருவிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. ஷான்பெமோவின் வீடு ஒன்பதாவது.

"எங்க வீட்டுக்கு நான் செய்றேன் பெரியப்பா" என்றான் ஷான்பெமோ, யாரும் அவனைக் கேட்கும் முன்பே. சொல்லும்போது அவன் மனைவியைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. நம்பாமலா மண்ணைத் தின்ன ஒப்புக்கொள்வான்? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் போடவில்லை, அவர் செய்கிற சத்தியம் மெய்ச் சத்தியம், மண் எங்களை ஒன்றும் செய்யாது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் லிபெனியின் நினைவு வந்தது.

காலையிலிருந்து மூத்த மகளை மேட்டில் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், திமாப்பூரில் கல்லூரி. முதல் ஓட்டுப் போட வேண்டுமென்றே ஊருக்கு வந்தவள். மை வைத்த விரலைப் படமெடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பி, அன்று முழுக்க விரலைத் தண்ணீரில் நனைக்காமல் சோறு தின்றவள். எண்ணுகிற நாளில் மட்டும் தலைவலி என்று படுத்துவிட்டாளா?

யான்சானோவின் கால்கள் அவளைக் கேட்காமலே வீட்டுப் பக்கம் திரும்பின.

இறங்குகிற வழியில் ரேடியோச் சத்தம் பின்னாலேயே வந்தது. அவர்கள் தொகுதியின் முடிவைச் சொன்னார்கள். குடைக்காரர் ஆயிரத்து இருநூறு சொச்சம் ஓட்டில் ஜெயித்துவிட்டார். அண்ணன் தோற்றுவிட்டார். அந்த ஒரு ஓட்டு இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். தோற்ற அண்ணனுக்காக அழ அவளுக்கு நேரமில்லை. மேட்டில் எழுந்த ஆரவாரம்கூட அரைகுறையாகத்தான் இருந்தது.

வீட்டில் லிபெனி பை கட்டிக்கொண்டிருந்தாள். துணிகளை மடிக்காமல் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஒரு மணி சுமோ வண்டில போயிடறேன்மா. பரீட்சை வருது."

"பரீட்சை ஏப்ரல்லன்னு சொன்னே."

லிபெனி ஒரு காலுறையைப் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதைப் பார்த்ததுமே யான்சானோவுக்குப் புரிந்துவிட்டது. கேட்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்காவிட்டால் தெரியாது. தெரியாவிட்டால் புருஷன் செய்யும் சத்தியம் பொய்யாகாது என்றுகூட அந்த ஒரு கணத்தில் நினைத்தாள். மண்ணுக்கு அந்த நியாயமெல்லாம் புரியுமா என்ன?

கதவைச் சாத்தினாள்.

"லிபெனி, நீயா?"

பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓட்டுக்கு முந்தின நாள் நீங்க அடுப்படியில தனியா அழுதீங்க. நான் பார்த்தேன்" என்றாள். "மாமா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதீங்க. எனக்கு டைபாய்டு வந்தப்ப மாமாதானே என்னை முதுகுல கட்டிக்கிட்டு ஆத்துல இறங்கினாரு. அவருக்கு இந்த ஊர்லேர்ந்து ஒரு ஓட்டாவது விழட்டுமேன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"தெரியாதுன்னு யாரு சொன்னா?"

"காலேஜ்ல பாடமே இருக்கும்மா. ரகசிய ஓட்டு. யாருக்குப் போட்டோம்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, யாரும் கேக்கவும் கூடாதுன்னு."

யான்சானோவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திமாப்பூரில் ஆயிரம் பேர் ஆயிரம் பக்கம் போடுவார்கள், ரகசியத்துக்கு அங்கே ஒளிய இடம் உண்டு. முந்நூற்று நாற்பது பேரும் ஒரே பக்கம் நின்றால் மிச்சமிருக்கும் ஒருத்தி எங்கே போய் ஒளிவாள்? இதைக் கல்லூரிப் பாடத்தில் எழுதவில்லை. ரோன்யானில் வளர்ந்த பெண்ணுக்கு வீட்டில் இதை யாரும் சொல்லித்தரவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள்.

மண் சத்தியம் நடக்கிறது என்று யான்சானோ சொன்னாள். லிபெனியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"அப்பாவா? அப்பா மண்ணைத் தொடப் போறாரா?"

"ஒன்பதாவது வீடு."

"நான் போய்ச் சொல்லிடறேன்." லிபெனி எழுந்தாள். யான்சானோ அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாள். அவளுக்கே தெரியாத பலம் கையில் வந்திருந்தது.

"ஏழு வருஷம்டீ. பத்தொன்பது வயசுல ஊரை விட்டுத் துரத்தின பொண்ணுன்னு பேரு வாங்கிக்கிட்டு எங்க போவே? எந்த ஊருல உன்னைச் சேத்துப்பாங்க? உங்கப்பன் எழுதின தீர்மானத்துலேயே உன் பேரை எழுதணுமா? எனக்குப் போக அண்ணன் வீடு இருக்கு. அதுவுமில்லாம, ஊரு என் பேரை எப்பவோ எழுதி முடிச்சாச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"நீங்க போடலையேம்மா."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். போதும்."

நான் வரும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டு ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில், சர்ச் மேட்டுச் செங்குத்துப் படிகளில், காட்டு வயலுக்குத் தீ வைத்த புகை தொண்டையைக் கமற, செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். எத்தனை வீடு முடிந்திருக்கும்? ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நிதானமாகச் செய்வார்களா, சட்டுச் சட்டென்று முடிப்பார்களா? முதலில் நிற்கிறவர்கள் எல்லோரும் கிழவர்களாக இருக்கட்டும் கடவுளே, முட்டி மடக்கி உட்கார நேரமாகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

மைதானத்தில் வட்டமாக ஆண்கள் நின்றிருந்தார்கள். மன்றத்து வட்டத்துக்குள் பெண்கள் போவதில்லை. வெளியே நின்று தோள்களுக்கு இடையில் எட்டிப் பார்த்தாள். எட்டாவது வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மெய்யாகச் சத்தியம் செய்தவருக்கே இந்த முகம்.

ஷான்பெமோ வட்டத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தான். ஓரென்தங் ஒரு பிடி மண்ணை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"என் வீட்டுல யாரும் வாக்கு மாத்தலை" என்று தொடங்கினான் ஷான்பெமோ. குரல் திடமாக இருந்தது. நம்பிக்கொண்டுதான் சொல்கிறான். "மாத்தியிருந்தா, என் மூத்த பிள்ளை..."

யான்சானோவுக்கு அதுவரை சத்தியத்தின் வார்த்தைகள் தெரியாது. பெண்கள் காதுபட யாரும் அதைச் சொன்னதில்லை. அவன் அடுத்த சொல்லுக்கு வாயெடுத்ததும் அவள் இரண்டு ஆண்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் விழுந்தாள்.

"சொல்லாதீங்க. நான்தான் போட்டேன்."

 ஷான்பெமோ தலையைத் தூக்கினான். இல்லை என்று காலையில் அவள் சொன்ன அதே வாயைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு சந்தேகம் வரும், இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டான். கையிலிருந்த மண்ணைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து, அவள் பக்கம் திரும்பாமல் ஓரென்தங்குக்குப் பின்னால் போய் நின்றான்.

அது வலித்தது. இதற்கு அவள் தயாராக வரவில்லை. ஊரைவிட்டுப் போவதற்குத் தயாராக வந்தாள், நியிமானோவின் வாய்க்குத் தயாராக வந்தாள். புருஷன் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் முதுகைக் காட்டுவான் என்று நினைக்கவில்லை. இருந்தாலும் பரவாயில்லை, அவன் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, லிபெனி பிழைத்தாள் என்று மூச்சு விட்டாள்.

வட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வட்டத்துக்கு வெளியே நியிமானோவின் குரல் சொன்னேனா இல்லையா என்றது. ஓரென்தங் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார்.

அவர் யான்சானோவுக்கு எதிரில் வந்து, வயதான முட்டிகளை மெதுவாக மடக்கிக் குந்தினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஓடி வந்தியாம்மா? செருப்புக்கூட இல்லாம" என்றார்.

"ஆமா பெரிய மாமா."

"தப்பு பண்ணவங்க யாரும் அதைச் சொல்றதுக்கு இப்படி ஓடி வந்து நான் பார்த்ததில்லை. ஓடறவங்க எல்லாம் எதிர்ப் பக்கமாத்தான் ஓடுவாங்க."

அவளால் அவர் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை, வேறு பக்கம் திரும்பவும் முடியவில்லை.

"என் பொண்டாட்டி போன நாள்லேர்ந்து இந்தப் பாலத்துக்காக நான் காத்துக்கிட்டிருக்கேன். யாரோ ஒருத்தர் தலையில போட்டு முடிக்க எனக்கு இஷ்டமில்லை. யார் போட்டாங்களோ அவங்கதான் வேணும்." அவர் குனிந்து புதிதாக ஒரு பிடி மண் எடுத்தார். "வாயால சொன்னது எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. மண்ணு மேல சொல்லு. நான் சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லு."

பாஸ்டர் வேண்டாம் என்று ஏதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பெண் மண் சத்தியம் செய்து ரோன்யானில் யாரும் பார்த்ததில்லை. வெளியே நின்ற பெண்கள் எல்லோரும் வட்டத்தை நெருங்கி வந்தார்கள்.

யான்சானோவின் உள்ளங்கையில் மண் விழுந்தது. சூடாக இருந்தது. விரல்களை மூடவும் முடியவில்லை, திறந்து கொட்டவும் முடியவில்லை.

"நான்தான் வாக்கு மாத்தினேன்" என்றார் ஓரென்தங்.

"நான்தான் வாக்கு மாத்தினேன்" என்றாள் யான்சானோ.

"இது பொய்யா இருந்தா..."

"இது பொய்யா இருந்தா..."

அந்த நேரத்தில்தான் மைதானத்துக்கு ஏறும் படியில் லிபெனி தெரிந்தாள். தலைவிரிகோலமாக, மூச்சிரைக்க, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தது அவளுக்குக் கேட்டால்தானே. இன்னும் இருபது படி இருந்தது.

"என் மூத்த பிள்ளை" என்றார் ஓரென்தங், மிருதுவாக.

"என் மூத்த பிள்ளை" என்றாள் யான்சானோ.

ஓரென்தங் அதோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளையின் பெயரைப் பெற்றவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.